முழங்கால் வலியும் மார்பளவு தண்ணீரும்: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): வயது 48, எடை 86 கிலோ. கொழுந்து மலை ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துவிட்டது. நடந்தால் வலி. நீச்சலும் தெரியாது. தண்ணீரில் பயிற்சி செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் அக்கா, நீச்சலே தேவையில்லை. இடுப்பளவு தண்ணீரில் காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய பாதி, மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் 86 கிலோவில் முழங்காலுக்குப் போவது 30 கிலோ மாதிரிதான்.

நீச்சல் தடாகத்தின் கரைக் கம்பியை ஒரு கையால் பிடித்து 5 நிமிடம் மெதுவாக நடங்கள். தண்ணீர் மேலே தூக்குவதால் பலரும் நுனிக்காலில் நடப்பார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குதிகால் முதலில் பதியட்டும். அப்புறம் பக்கவாட்டில் 10 எட்டு, பின்னால் 10 எட்டு. முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இறக்குவது காலுக்குப் பத்துத் தடவை. கைக்கு, உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளுங்கள். கடினமாக இருந்தால் கையைக் கத்தி மாதிரித் திருப்பினால் லேசாகிவிடும். அவசரப்படாதீர்கள்: வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தடுப்பது ஏறக்குறைய நான்கு மடங்காகும். முதல் வாரம் 15 நிமிடம் போதும். வாரம் மூன்று நாளாகச் செய்து, மெதுவாக 40 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி (நுவரெலியா): பக்கத்து ஓடையில் செய்தால் என்ன?

பதில்: வேண்டாம் அம்மா. இந்தப் பயிற்சிக்கு 28 முதல் 32 பாகை வரை இளஞ்சூடு வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் மூட்டு இறுகும். மழைக்குப் பின் ஓடை திடீரென்று பெருகும், காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. சூடாக்கிய நீச்சல் தடாகம் கிட்டாத வாரம், கதிரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள்.

கேள்வி (பண்டாரவளை): சீனியும் பிரஷரும் இருக்கிறது. இறங்கலாமா?

பதில்: கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். கரையில் குளுக்கோஸ் இருக்கட்டும். காலில் மரத்த உணர்வு இருந்தால் தரை கீறுவதே தெரியாது, அதனால் ரப்பர் அடி போட்ட தண்ணீர்ச் சப்பாத்து கட்டாயம். முடிந்ததும் விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தின் அடியைப் பாருங்கள்.

ஏறும்போதுதான் தலை சுற்றும். உடம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று விலக, பிரஷர் இறங்குகிறது. படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும்புங்கள். தண்ணீரில் நாடித்துடிப்பு குறைத்தே காட்டும், அதை எண்ண வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு.

கேள்வி (பதுளை): சுரிதாரோடு இறங்கலாமா?

பதில்: பருத்தி நனைந்தால் கனக்கும், ஷால் காலில் சிக்கும். உடம்போடு ஒட்டும் நைலான் லெகின்ஸும் நீளக்கை டீ-சேர்ட்டும் போடுங்கள்.