சூடானால் அணையும், ஆறினால் கிளம்பும்: பழைய காரின் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: 1994 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைத் தனிநபரிடம் வாங்கினேன். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் ஓடிய பிறகு, அதுவும் நெரிசலில் நின்று நின்று போனால், சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடுகிறது. பட்டறையில் விட்டால் அங்கே ஒருமுறைகூட நிற்பதில்லை. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் மூன்றும் மாற்றியாகிவிட்டது. இப்போது ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இதுவரை மாற்றிய மூன்றும் ஊகத்தில் மாற்றியவை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கழற்றிய சாமானைச் சோதித்து ‘இதுதான் கெட்டிருக்கிறது’ என்று யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. நாலாவதும் அப்படியே போகும். அது எல்லாவற்றையும்விட விலை கூடிய நாலாவது.

தீப்பொறி எப்படி வருகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பட்டறையில் பேச வசதியாக இருக்கும். காயிலுக்குள் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு கம்பிச் சுற்றுகள். பிரைமரி சுற்றில் பேட்டரி மின்சாரம் ஓடுகிறது. அதைச் சட்டென்று வெட்டினால் செகண்டரி சுற்றில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே எகிறி, பிளக் முனையில் பொறியாகப் பாய்கிறது. இந்த வெட்டுகிற வேலையை முன்பு பாயிண்ட் செட் என்ற, திறந்து மூடும் ஜோடி முனைகள் செய்துகொண்டிருந்தன. 1973-ல் கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் தயாரித்த தன் கார்களில் அதை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷனைப் பொருத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பாயிண்ட் தேயும், கருகும். ஆனால் தேய்ந்தது கண்ணுக்குத் தெரியும். வழியில் நின்றால் உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டு வீடு வந்து சேரலாம். இப்போது அதே வேலையைச் செய்யும் மாட்யூல் என்ற எலெக்ட்ரானிக் பாகம் தேயாது. கெட்டாலும் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது.

அதற்கு எமன் சூடு. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரோ அதன் பற்றவைப்போ பலவீனப்பட்டிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டிக்கு ‘உடம்பு சரியாகிவிடுகிறது’. ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், எப்போது வெட்ட வேண்டும் என்று மாட்யூலுக்குச் சொல்லும் பிக்கப் காயிலும், அது இல்லாத வண்டிகளில் அந்த வேலையைச் செய்யும் கிராங்க் சென்சாரும் இதே நாடகத்தை ஆடும். இன்னொன்று: பல மாட்யூல்கள் அடியில் வெப்பம் கடத்தும் பசை தடவித்தான் பொருத்தப்பட வேண்டும். முன்பு யாரோ கழற்றி மாட்டியபோது அந்தப் பசையைத் துடைத்துவிட்டு வெறுமனே வைத்திருந்தால் புது மாட்யூல்கூட நெடுநாள் தாங்காது. முதலில் இதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

வண்டி நிற்கும் அந்த நேரத்தில்தான் குற்றவாளியைப் பிடிக்க முடியும். உங்கள் டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள் இருந்தால் அதைக் கவனியுங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் சிக்னல் அறுந்திருக்கிறது. இன்ஜின் திணறித் திணறி முள் மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, ஆனால் காசில்லாத சோதனை.

அடுத்தது, ஸ்பார்க் டெஸ்டர் என்று சின்னதாக ஒரு சாதனம் விற்கிறது. அதை வண்டியிலேயே வைத்திருங்கள். நின்றதும் ஒரு பிளக் வயரில் மாட்டி, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பொறி தெறித்தால் இக்னிஷனை விட்டுவிட்டு பெட்ரோல் பக்கம் போகலாம். பொறி இல்லையென்றால் காயிலின் பிளஸ் முனையில் மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் கோளாறு சாவி சுவிட்சு, ஃபியூஸ், ரிலே, வயரிங் இவற்றில் ஒன்றில். வருகிறது என்றால் அதே லாம்ப்பை மைனஸ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். லாம்ப் விட்டுவிட்டு மினுக்கினால் மாட்யூல் வெட்டும் வேலையைச் செய்கிறது. அப்படியும் பொறி இல்லையென்றால் காயிலோ, அதற்குப் பிறகு வரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் (மூடி), உள்ளே சுற்றும் ரோட்டர் வகையறாவோதான். மினுக்காமல் அசையாமல் எரிந்தால் மாட்யூல் அல்லது அதற்குத் தகவல் சொல்லும் பிக்கப். வண்டி நின்ற இடத்தில் இவ்வளவும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல்தான் மூன்று சாமான் மாறியிருக்கிறது.

வழியில் நிறுத்திப் பார்க்க முடியாது என்றால் பட்டறையிலேயே சூட்டை வரவழைக்கலாம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, முடி உலர்த்தும் டிரையரை மாட்யூல் மேல் காட்டினால் பலவீனமான மாட்யூல் சீக்கிரமே கையை விரித்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் மெல்லிய வயர்களை லேசாக அசைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் தட்டு முன்னும் பின்னும் அசையும்போதெல்லாம் அந்த வயர்களும் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் அப்படி ஆடி, மேலே ரப்பர் முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்துபோன வயர்களை எத்தனையோ பார்க்கலாம். மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன் எர்த் வயரையும் பார்த்துவிட வேண்டும். துருப்பிடித்த ஒரு போல்ட் இதே அறிகுறிகளையெல்லாம் காட்டும்.

பழைய பழக்கத்தில் பிளக் வயரைக் கழற்றிக் கையில் பிடித்து, பாடியில் உரசிப் பொறி பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷனில் அது கூடவே கூடாது. பாயிண்ட் காலத்தைவிட இதில் பொறியின் பலம் அதிகம். ஆளைத் தூக்கி அடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. தவிர, பொறிக்குப் போக வழியில்லாமல் வயர் தொங்கினால் அந்த மின்னழுத்தம் காயிலையும் மாட்யூலையும்தான் திருப்பித் தாக்கும். சோதனை பார்க்கப் போய் புதுக் கோளாறு.

கேள்வி: மாட்யூல்தான் கெட்டது என்று உறுதியாகிவிட்டது. கம்பெனி ஒரிஜினல், பெயர் தெரியாத புது மாட்யூல், காயலான்கடையில் கழற்றிய பழையது, மூன்றும் கிடைக்கிறது. விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். எதை வாங்குவது?

பதில்: இக்னிஷன் பாகங்களில் பெயர் தெரியாத புதுசைவிட, அதே மாடல் வண்டியில் கழற்றிய நல்ல ஒரிஜினல் பழசு மேல் என்பது என் கட்சி. மெக்கானிக்குகளில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழசின் ஆயுள் எவ்வளவு மீதி என்பது யாருக்கும் தெரியாது என்பார்கள். அது சரிதான். ஆனால் மலிவு மாட்யூலின் ஆயுளும் யாருக்கும் தெரியாதுதானே! ஒரிஜினலோ, அந்தக் கம்பெனிக்கே சாமான் செய்து கொடுத்த தயாரிப்பாளரின் பெயரில் வருவதோ கட்டுப்படியானால் வேறு யோசனை வேண்டாம்.

வாங்கும் முன் பாக எண்ணைச் சரிபாருங்கள். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக மாட்யூல் பொருந்தும் என்று அர்த்தமில்லை; காயிலின் பிரைமரி மின்தடை மாறினாலே மாட்யூலில் ஓடும் மின்சாரம் மாறிவிடும். பாயிண்ட் கால காயிலையும் எலெக்ட்ரானிக் மாட்யூலையும் கலந்து மாட்டுவது இதனால்தான் வம்பு. எலெக்ட்ரிக்கல் சாமானைப் பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள். அந்த நிபந்தனை பில்லில் அச்சாகியிருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள், கொடுத்த பின் பார்த்துப் பயனில்லை. கழற்றிய மாட்யூலைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.

புது மாட்யூல் மாட்டும்போதே பிளக்கையும் வயரையும் பார்த்துவிடுங்கள். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகலமானால் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அந்தச் சுமை காயில் தலையில் விழும். சரியான இடைவெளி பல கார்களில் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் உண்டு.

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். இக்னிஷன் கோளாறு இருக்கிறதா என்று வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது.

பதில்: வேலை தெரிய வேண்டாம், பொறுமை போதும். நீங்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சுடச்சுட இருந்தால் காலை ஸ்டார்ட்டிங்கை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புங்கள். அதன் பிறகு நன்றாக முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். தெருக்கோடி வரை போய்த் திரும்புவதெல்லாம் சோதனை ஓட்டமே அல்ல. கொஞ்ச நேரம் நெரிசலில், கொஞ்ச நேரம் மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி. மேட்டில் வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. கடைசியில் நிறுத்தி, கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது மாட்யூலுக்குக் காற்றாவது படும். நிறுத்திய பின் இன்ஜின் சூடு முழுக்க அதன் மேல்தான் ஏறும். சூட்டுக் கோளாறு இந்த இடைவெளியில்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும்.

சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஸ்கேனர் ஏற்கும் வண்டி என்றால் பி0300 தொடங்கி வரும் எண்கள் மிஸ்ஸிங்கைச் சொல்லும். பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படி. பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று. ஒரு கோளாறு எண்ணும் இல்லை, ஆனால் வண்டி தனக்குத் தானே செய்துகொள்ளும் சோதனைகள் ‘முடியவில்லை’ என்று ஸ்கேனர் காட்டினால், யாரோ சற்று முன்புதான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள். மிஸ்ஸிங்கோடு பல மாதம் ஓடிய வண்டியை நான் தொட மாட்டேன். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுத் தீர்த்திருக்கும்; அதன் விலைக்கு முன்னால் மாட்யூல் ஒன்றுமே இல்லை.

கேள்வி: இதே மாடல் வைத்திருக்கும் பலருக்கும் இதே கோளாறு வருகிறது. தயாரித்த நிறுவனத்தைக் கேட்க முடியாதா?

பதில்: கேட்ட கதை ஒன்று உண்டு. ஃபோர்டு நிறுவனம் 1980-களில் தொடங்கி ‘டிஎஃப்ஐ’ என்ற மாட்யூலைச் சூடேறும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தி விற்றது. ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2000-ல் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஆனால் அது பலர் சேர்ந்து, வருடக்கணக்கில் நடத்திய வழக்கு.

உங்கள் அளவில் செய்யக்கூடியது, சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வண்டிக்கு ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனம் விடுத்த திரும்பப்பெறும் அழைப்பு, நிலுவையில் இருக்கிறதா என்று கேட்பது. ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கல்ல. நீங்கள் மூன்றாவது உரிமையாளர் என்றாலும் பொதுவாகச் செல்லும். வண்டியின் வயதுக்கு வரம்பு வைத்த நாடுகளும் உண்டு. விற்றவரைக் கேட்பது என்றால், ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி விற்ற தனிநபரிடம் பிடி குறைவு. கோளாறு தெரிந்தே, ‘ஒரு குறையும் இல்லை’ என்று சொன்ன செய்தி உங்கள் போனில் இருந்தால் கதை வேறு. அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: மழை பெய்தால் மட்டும் மிஸ்ஸிங். வெயிலில் ராஜா மாதிரி ஓடுகிறது.

பதில்: மாட்யூலை விடுங்கள். இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பிளக் வயர்கள் மேல் தண்ணீரைப் பனி மாதிரி லேசாகத் தெளித்துவிட்டு, கையை எட்ட வைத்துக்கொண்டு பாருங்கள். எங்கே நீலமாகக் கோடு ஓடுகிறதோ அங்கே மின்சாரம் கசிகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்பக்கம் பென்சிலால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை. கேப்பும் ரோட்டரும் மாற்ற வேண்டும்.

கேள்வி: சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும் வரை இன்ஜின் ஓடுகிறது. சாவியை விட்டதும் அணைகிறது. மாட்யூலா?

பதில்: இல்லை. பழைய வண்டிகள் பலவற்றில் செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு ஒரு நேர்வழி, ஓடும்போது, மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாக இன்னொரு வழி. இரண்டாவது வழி அறுந்திருக்கிறது. ரெசிஸ்டரைப் பாருங்கள், அது சரி என்றால் சாவி சுவிட்சின் ஆன் முனை. சிலர் ரெசிஸ்டரைத் தாண்டி நேராக வயர் இழுத்துக் கொடுத்துவிடுவார்கள், வண்டியும் ஓடும். காயில் கொதிக்கும் வரை. இழுத்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.