அப்பத்தாவின் கட்டிலை உள்ளே கொண்டு வா

கேள்வி (2021): பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரியை மூடியதிலிருந்து செல்போனில்தான் வகுப்பு. முதலாண்டில் சில நாள் வார்டுக்குப் போனதோடு சரி. ஊசி போடும் வீடியோவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் போட்டதில்லை. நாளைக்கு நோயாளி முன்னால் கை நடுங்குமே என்று தூக்கம் வருவதில்லை. வீட்டில் நன்றாக ஒத்துழைக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பத்தாவைக்கூட, வகுப்புக்கு இடைஞ்சல் என்று என் அறையிலிருந்து திண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். நான் நல்ல நர்ஸ் ஆக முடியுமா அம்மா?
- பெயர் வேண்டாம், அறந்தாங்கி

பதில்: ஆக முடியுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். இதே பயத்தோடு நர்சிங், பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். திண்ணையைப் பற்றிய அந்த வரி மட்டும் வேறு எவர் கடிதத்திலும் இல்லை, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நோயாளியையே பார்க்க முடியவில்லை என்கிறாய். நோயாளி உன் அறையிலேயே இருந்தார், நர்சிங் படிக்க இடைஞ்சல் என்று அவரை வெளியே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வேறு. மாற்றியது பெரியவர்களாகவே இருக்கட்டும், வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பாய். அப்பத்தாவைக் கடைசியாகப் புரட்டியது யார், எத்தனை மணிக்கு? இன்றைக்கே அவர் முதுகைப் பார். பின்னந்தலை, தோள்பட்டை, வால் எலும்புப் பக்கம், குதிகால் எல்லாம் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடு, அப்படியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, தொட்டுப் பார்த்தால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், அதைத் தொட்டுத்தான் படிக்க முடியும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதே, அந்தப் பக்கமாகப் படுக்கவைக்காதே, டாக்டரிடம் காட்டு. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வை. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதே, தோள் மூட்டு நழுவும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டு, புரையேறுகிறதா என்று கவனி. மூச்சை எண்ணப்போவதாக அவரிடம் சொல்லாமல் முழுதாக ஒரு நிமிடம் எண்ணி, நேரம் போட்டு நோட்டில் எழுது. அந்த நோட்டை உன் ஆசிரியருக்கு அனுப்பித் திருத்தச் சொல்.

புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பாவைக் கூப்பிடு. அவரைப் பெற்ற தாய்தானே, மகன் தொட்டுத் தூக்குவதில் என்ன கூச்சம்? இதெல்லாம் மருமகள் வேலை என்று விட்டுவிடும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது. தொற்றுக் காலம் என்பதால் கை கழுவாமல், மாஸ்க் இல்லாமல் யாரும் அவர் பக்கம் போக வேண்டாம். உனக்குக் காய்ச்சல், இருமல் என்றால் அந்த நாட்களில் தள்ளியே இரு.

ஊசி, வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்), யூரின் ட்யூப் இதையெல்லாம் அப்பத்தாவிடம் பழகிப் பார்த்துவிடாதே. அதைப் பக்கத்தில் சிஸ்டர் நின்று கற்றுத்தர வேண்டும், செல்போனால் முடியாது, அதில் உன் பயம் நியாயமானது. இந்த 2021 மே மாதம், படிப்பு முடித்த நர்சுகளை மூத்த டாக்டர்கள், நர்சுகளின் மேற்பார்வையில் முழுநேரக் கோவிட் பணியில் அமர்த்தலாம் என்று மத்திய அரசு அறிவித்ததே, படித்தாயா? முடித்த கையோடு வார்டில் நிறுத்திவிடும் காலம் இது. அதனால் கல்லூரி திறந்ததும் விடுபட்ட வார்டு நாட்களைக் கேட்டு வாங்கு. செய்யாததைச் செய்ததாக, வார்டில் செய்து பழகியதைப் பதியும் ப்ரொசீஜர் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க மொத்த வகுப்பும் கிளம்பினாலும் நீ கிளம்பாதே. விடுபட்ட நாட்கள் வேண்டும் என்று நாலைந்து பேர் சேர்ந்து கல்லூரி முதல்வரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள்.