ஸ்டேஷனுக்கு அப்பா மட்டும் ஏன் போறார்?

கேள்வி: எனக்கு வயசு 44. சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, மேடவாக்கத்துல ஃபிளாட். அப்பாவுக்கு 76, அயனாவரத்துல பழைய வீட்லயே அம்மாவோட இருக்கார். மிலிட்டரிலேர்ந்து ரிட்டையர் ஆகி பேங்க்ல கன்மேனா இருந்தவர். 1989-ல வாங்கின .315 ஸ்போர்ட்டிங் ரைபிள லைசென்ஸோட இன்னும் வச்சிருக்கார். அந்த மாடல சீக்கிரம் நிறுத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். இப்பவே என் பேருக்கு மாத்திக்கவா, இல்ல அதே மாடல்ல புதுசா இன்னொண்ணு வாங்கி வைக்கவா? ஸ்பேர் பார்ட்ஸ், தோட்டா எல்லாம் சேத்து வச்சா பின்னாடி நல்ல மதிப்பு வருமா? எலக்‌ஷன் வந்தா மட்டும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், அத அப்பாவே ஆட்டோ புடிச்சுப் போய் குடுத்துட்டு வந்துடுவார், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, துப்பாக்கி பத்தின லெட்டர் இந்தப் பக்கத்துக்கு வர்றது புதுசு இல்ல. தாத்தா துப்பாக்கி யாருக்கு, பரண்ல கிடக்குறத என்ன பண்றதுன்னு வந்துட்டேதான் இருக்கு. அதனால நீங்க கேட்டதுக்கு சட்டுனு பதில் சொல்லிடுறேன், அப்புறம் நீங்க கேக்காததுக்கு வர்றேன், எனக்கு அதுதான் தொண்டைல நிக்குது.

மாடல நிறுத்தினாலும் சரி, நிறுத்தாட்டியும் சரி, அப்பா கையில இருக்கிற ரைபிளோட லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த .315 எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, வெள்ளக்காரன் பட்டாளத்து தோட்டா சைஸான .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாதுன்னு தடுத்து வச்சான், அதனால பட்டாளத்து லீ என்ஃபீல்டு ரைபிள்ல தோட்டாவ உள்ள தள்ளி அடைக்கிற போல்ட்ட கிட்டத்தட்ட அப்படியே வச்சு, வேற சைஸ் தோட்டாவுக்கு ஈஷாப்பூர் அரசாங்க ஃபேக்டரில செஞ்ச துப்பாக்கி இது. 2021 அக்டோபர் 1-ந் தேதி அந்த ஃபேக்டரிய நடத்தின ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டையே கலைச்சு 7 கம்பெனியா பிரிச்சுட்டாங்க, அப்புறம் எது ஓடும் எது நிக்கும்னு பேச்சு கிளம்பத்தான் செய்யும். நாளைக்கே நின்னு போச்சுன்னு வச்சுக்கங்க, உதைக்கப் போறது ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், மேகசின் ஸ்பிரிங் மாதிரி சின்னச் சின்ன சாமானும் தோட்டாவும்தான். ஆனா தோட்டா எத்தன வச்சுக்கலாம்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும், இஷ்டத்துக்கு சேத்து வைக்க அது அரிசி மூட்டை இல்ல. உங்க பேர்ல லைசென்ஸே இல்லாதப்ப நீங்க ஒரே ஒரு தோட்டா வச்சிருந்தாலும் கேஸ்தான். புதுசா வாங்கணும்னா முதல்ல லைசென்ஸ் வேணும், சென்னைல அத குடுக்கிறது போலீஸ் கமிஷனர், பயிற்சி சர்டிஃபிகேட் கேப்பாங்க, போலீஸ் விசாரணை வரும், எதுக்கு வேணும்னும் கேப்பாங்க, "மாடல் நிக்கப் போகுது சார்"னு சொன்னா யாரும் குடுக்க மாட்டாங்க. மதிப்பு ஏறும்னு கனவு காணாதீங்க, வாங்குறவனுக்கும் லைசென்ஸ் இருக்கணும், நினைச்ச நேரத்துல வித்து காசாக்குற பொருள் இல்ல இது.

அவ்ளோதான், இப்ப அந்தக் கடைசி வரிக்கு வர்றேன்.

"அப்பாவே ஆட்டோ புடிச்சுப் போய் குடுத்துட்டு வந்துடுவார், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல." யாருக்கு பிரச்சனை இல்ல? உங்களுக்கு இல்ல, அது நல்லாவே தெரியுது. கணக்கு போட்டுப் பாருங்க. 2019 பார்லிமென்ட் எலக்‌ஷன், 2021 சட்டசபை, 2022 மாநகராட்சி, 2024 திரும்பவும் பார்லிமென்ட். குடுக்க ஒருதரம், வாங்க ஒருதரம், அப்ப மொத்தம் எட்டு தடவ. ஒரு மீட்டருக்கு மேல நீளம், மூணு நாலு கிலோ வெயிட்டு, கவர் போட்டு, தோட்டாவ தனியா எடுத்து வச்சு, மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து ஆட்டோவ கை காட்டணும். எந்த ஆட்டோக்காரர் அந்தக் கவரப் பாத்துட்டு யோசிக்காம ஏத்துவார்? ஸ்டேஷன்ல போனா உடனே வாங்கி வச்சுப்பாங்களா, அத வாங்குறவர் வேற வேலையா வெளிய போயிருப்பார், உக்காரணும், அவர் வந்ததும் போல்ட்ட இழுத்து உள்ள காலியா இருக்குன்னு காட்டணும், பாடியில அடிச்சிருக்கிற நம்பரையும் லைசென்ஸ் புக்குல இருக்கிற நம்பரையும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒத்துப் பாக்கணும், ரசீது வாங்கி பத்திரமா வச்சுக்கணும், அது தொலைஞ்சா திரும்ப வாங்குறது பெரும்பாடு. இதெல்லாம் பெரும்பாலும் வெயில் காலத்துல.

2021 ஞாபகம் இருக்கா தம்பி? மே 2-ந் தேதி ரிசல்ட். ரிசல்ட் வந்து ஒரு வாரம் கழிச்சு துப்பாக்கிய திருப்பிக் குடுக்கணும்ங்கறது வழக்கம். மே 10-லேர்ந்து ஊரே லாக்டவுன், அதுக்கு முன்னாடியே இந்த சென்னைல ஆக்சிஜன் பெட்டுக்கு சனங்க ராத்திரி பகலா அலைஞ்சாங்க. அந்த மே மாசம் எழுபதைத் தாண்டின உங்க அப்பா அத எப்ப போய் வாங்கிட்டு வந்தார், எதுல வந்தார், யார் கூட இருந்தாங்க? உங்க லெட்டர்ல இல்ல. உங்களுக்கே தெரியாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறவர்தானே எடுத்துட்டுப் போகணும், நான் எடுத்துட்டுப் போக முடியாதேன்னு சொல்வீங்க. சரிதான், நீங்க தனியா அத தூக்கிட்டு ரோட்ல நடந்தா தப்பு. ஆனா உங்க கார்ல அப்பாவ உக்கார வச்சு கூட்டிட்டுப் போறத எந்தச் சட்டம் தடுக்குது, ஸ்டேஷன் பெஞ்சுல அவர் பக்கத்துல உக்கார்றத எந்த ரூல் தடுக்குது? மேடவாக்கத்துலேர்ந்து அயனாவரம் தூரம்தான், டிராஃபிக்தான், ஆபீஸ் இருக்குதான். துப்பாக்கிய விசாரிக்க கடை கடையா ஏற நேரம் கிடைச்சிருக்கும்ல, இதுக்கு ஒரு நாள் லீவு போட முடியாதா?

எனக்கு இதுல ரெண்டு கருத்து கிடையாது. பெத்தவங்களோட பொருள் புள்ளைக்கு வர்றதுல தப்பில்ல, ஆனா அந்தப் பொருளோட பாரத்த அவங்க சுமக்குற வரைக்கும் சுமக்கட்டும், மதிப்பு வர்றப்ப நான் வந்து வாங்கிக்கிறேன்னா அத நான் வாரிசு உரிமைன்னு ஒத்துக்க மாட்டேன். அந்த ரைபிள் உங்க அப்பாவுக்கு ஷோகேஸ் பொருள் இல்ல. சொந்தமா லைசென்ஸும் துப்பாக்கியும் இருக்கிற எக்ஸ் சர்வீஸ்மேனத்தான் கன்மேன் வேலைக்கு நிறைய இடத்துல எடுப்பாங்க, அந்த வேலைக்காகத்தான் அவர் அத வாங்கியிருப்பார். பேங்க் வாசல்ல காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்ன சம்பளத்துலதான் உங்க ஸ்கூல் ஃபீஸும் காலேஜ் ஃபீஸும் போயிருக்கும். நீங்க அந்த வரலாற எழுதல, மாடல் பேர மட்டும் எழுதியிருக்கீங்க.

உங்க பேருக்கு மாத்துறதுக்கு வழி இருக்கு. 2016 ஆயுத விதிகள்ல 25-வது விதிய பாருங்க. லைசென்ஸ்தாரருக்கு 70 வயசாகியிருந்தாலோ, துப்பாக்கிய 25 வருஷம் வச்சிருந்தாலோ, எது முதல்ல வருதோ அதுக்கப்புறம் அவர் உயிரோட இருக்கும்போதே வாரிசுக்கு லைசென்ஸ் குடுக்கலாம். உங்க அப்பா ரெண்டையும் எப்பவோ தாண்டிட்டார், மாடல் நிக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா அந்த விதி என்ன சொல்லுது தெரியுமா, அவர் நாமினேட் பண்ற வாரிசுக்குன்னு சொல்லுது. அவர் வாயத் திறந்து என் மகனுக்குன்னு சொல்லணும், கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேப்பாங்க. உங்க லெட்டர் முழுக்கத் தேடிட்டேன், அப்பாகிட்ட கேட்டேன்னு ஒரு வார்த்த இல்ல. என்கிட்ட கேட்டுட்டீங்க, அவர்கிட்ட கேக்கல.

கேட்டீங்கன்னா அவர் வேற பதில் சொல்லலாம், அதுக்கும் தயாரா போங்க. இந்த வயசுல எனக்கு இது போதும்டா, சரண்டர் பண்ணிடலாம்னு சொல்லலாம். அப்படி சொன்னா பழைய மாடல்ப்பா, இனிமே கிடைக்காதுப்பான்னு அவர கரைக்காதீங்க, கூடப் போய் பேப்பர்ல கையெழுத்து போட வச்சு ஒப்படைச்சுட்டு வாங்க. இல்ல, நீயே வச்சுக்கன்னு சொன்னா பயிற்சிக்குப் போங்க, உங்க வீட்ல பூட்டி வைக்க இடம் இருக்கா, பொண்டாட்டிக்கு சம்மதமான்னு பேசிட்டு அப்ளிகேஷன் போடுங்க. எதையும் முடிவு பண்ணாம தள்ளிப் போட்டா அதுதான் ஆபத்து, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ரைபிள் அந்த நிமிஷமே லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, தாமதிக்காம ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும், பீரோல கிடக்கட்டும்னு அம்மாவ வீட்ல வச்சுட்டு நீங்க வந்துட்டா மாட்டப் போறது அம்மாதான்.

இந்த ஞாயித்துக்கிழமை அயனாவரம் போங்க. துப்பாக்கிய எடுத்துக் காட்டுங்கன்னு கேக்காதீங்க, லைசென்ஸ் புக்க கேளுங்க, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க, இப்பல்லாம் 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும், போன தடவ யார் கூட்டிட்டுப் போனாங்கன்னு அவர்கிட்டயே விசாரிங்க. அடுத்த எலக்‌ஷன் தேதி டிவில வந்த அன்னிக்கே உங்க மேனேஜர்கிட்ட லீவு சொல்லிடுங்க. இதெல்லாம் பண்ணினப்புறமும் ஸ்பேர் பார்ட்ஸ் பத்தி கேக்கணும்னு தோணுச்சுன்னா எழுதுங்க, பதில் போடுறேன்.