வாட்ஸ்அப்பை அரசு படிக்குமா? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

கவர்மென்ட் நினைத்தால் எங்கள் சங்க வாட்ஸ்அப் குரூப்பைப் படித்துவிட முடியுமா சார்? (காசிமேடு வாசகர்)

போகிற வழியில் படிக்க முடியாது. மெசேஜ் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கிறது. சாவி கம்பெனியிடமே இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் உள்துறைச் செயலர் உத்தரவிட்டால் கம்பெனி ஒத்துழைக்க வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆனாலும் இல்லாத சாவியை யாரும் கொடுக்க முடியாது. யார், யாரிடம், எப்போது பேசினார் என்பது போன்ற விவரங்கள்தான் கிடைக்கும்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்கு என்கிரிப்ஷன் (அந்தப் பூட்டு) தானாக வராது, 2021-இல் வந்த அந்த வசதியை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' போய் இன்றைக்கே செய்யுங்கள். அந்த பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் திரும்பக் கிடைக்காது, எழுதிவையுங்கள். குரூப்பில் ஒருவர் போன் சிக்கினாலும் எல்லோர் பேச்சும் சிக்கும். குறித்த காலத்தில் தானாக அழியும் 'டிஸப்பியரிங் மெசேஜ்' போட்டுக்கொள்வது நல்லது.

வாயுக் கசிவு பற்றி நான் போடும் மெசேஜ் ஊரெல்லாம் ஃபார்வர்டு ஆகிறது. முதலில் அனுப்பியது நான்தான் என்று கண்டுபிடிப்பார்களா? (எண்ணூர் வாசகி)

50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள மெசேஜ் செயலிகள், உத்தரவு வந்தால் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டு விதி. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. என்கிரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது. இந்தப் பேச்சு நம் பாரிமுனைக்கும் பழசுதான்: சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கேட்டு 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கிலேயே இந்த விவாதம் நடந்தது.

இந்த விதி தவறு என்பதே என் கருத்து. ஒருவரைப் பிடிக்க வேண்டுமென்றால் எல்லோர் மெசேஜுக்கும் முன்கூட்டியே அடையாளம் குத்திவைக்க வேண்டும். காற்று நாறுகிறது என்று எழுதும் அம்மாவுக்கும் அதே முத்திரைதான். நீங்கள் உண்மையைத்தான் எழுதுகிறீர்கள், நிறுத்தாதீர்கள். தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.

டெலிகிராம் பாதுகாப்பா? (கொருக்குப்பேட்டை)

சாதாரண சாட் பாதுகாப்பானது இல்லை. 'சீக்ரெட் சாட்' மட்டும்தான் எண்ட் டு எண்ட், அதாவது அனுப்புகிறவர் போனில் பூட்டி, பெறுகிறவர் போனில் மட்டும் திறப்பது. குரூப்புக்கு அது கிடையாது. அதைவிட 'சிக்னல்' செயலி மேல்.

வண்டி செக்கிங்கில் என் தம்பி போனை வாங்கி சாட்டைப் பார்த்தார்கள். பார்க்கலாமா? (வியாசர்பாடி)

லைசென்ஸும் ஆர்.சி.யும் கேட்கலாம். சாட்டைப் படிக்க வண்டிச் சோதனை அதிகாரம் தராது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். அது வியாசர்பாடிக்கும் சேர்த்துத்தான். வழக்கு விசாரணைக்குப் போன் தேவையென்றால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆவது பிரிவின் கீழ் எழுத்தில் கேட்கட்டும். தம்பி வாக்குவாதம் செய்ய வேண்டாம். "எழுத்தில் கொடுங்கள் சார்" என்றால் போதும். போனைக் கைப்பற்றினால் மகஜர் (கைப்பற்றியதை எழுதும் பத்திரம்) நகல் வாங்குங்கள், ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் அடையாள எண்) அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.