சந்தேகம் கேட்பதும் சந்தேகப்படுவதும்

கேள்வி: நாற்பது வருஷமாக மதுரையில் பூ வியாபாரம் செய்கிறேன். இப்போது கடை மாட்டுத்தாவணியில். மருமகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவள் தன் அக்காவிடம் போனில் பேசும்போது என்னை 'சஸ்பீஷியஸ்' என்று சொல்லியிருக்கிறாள். பேரன்தான் சொன்னான். தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கேட்டால் பிள்ளை உள்ளதைச் சொல்லிவிடுவான். அகராதியில் பார்த்தால் 'சந்தேகத்துக்கு இடமான' என்று இருக்கிறது. என்னைத் திருடன் என்கிறாளா? மகனிடம் கேட்டால், 'சினிக்கல்னு சொல்லியிருப்பா, இல்லன்னா ஸ்கெப்டிக்கல்' என்று மழுப்புகிறான். அவள் சம்பளத்தில் பாதி பிறந்த வீட்டுக்குப் போகிறது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த வார்த்தைகளில் எது மரியாதை, எது அவமரியாதை?
- ஒரு வியாபாரி, மதுரை

பதில்: ஐயா, வார்த்தைக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம்.

சஸ்பீஷியஸ் என்பதற்கு இரண்டு முகம். நடு ராத்திரியில் தெருமுனையில் நிற்கும் ஆளும் சஸ்பீஷியஸ். ஜன்னலைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பவரும் சஸ்பீஷியஸ். உங்கள் கண்ணில் பட்டது முதல் முகம். மருமகள் சொன்னது இரண்டாவது. உங்களைத் திருடன் என்று அவள் சொல்லவில்லை. தன்னைத் திருடிபோலப் பார்க்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். லத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்குக் கீழிருந்து பார்ப்பது என்று பொருள். தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி ஒருத்தரை அளப்போமே, அந்தப் பார்வை.

சினிக்கல் அதைவிட மோசம். கிரேக்கத்தில் 'நாய் போன்ற' என்று அர்த்தம். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வீடும் வேண்டாம், பொருளும் வேண்டாம் என்று தெருவில் வாழ்ந்த டயோஜீனஸ் வகையறா ஞானிகளுக்கு வைத்த பெயர் அது. இன்றைக்கு அர்த்தம் மாறிவிட்டது. யார் எந்த நல்லது செய்தாலும் உள்ளே சுயநலம்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்பவர் சினிக்கல். அன்னதானம் போட்டால்கூட 'எந்தப் பாவத்தைக் கழுவுறானோ' என்பார். உங்கள் மகன் சமாதானம் சொல்ல வந்து, இருப்பதில் கசப்பான சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டான். வேரி என்று இன்னொன்று உண்டு, நம் உஷார்தான். அது யாரையும் குற்றவாளி ஆக்காது. வழுக்குகிற படியில் பார்த்துக் கால் வைப்பது. பாரனாய்ட் என்பது மனநோயைச் சொல்லப் பிறந்த சொல். இளவட்டங்கள் வாய்க்கு வந்தபடி வீசுகிறார்கள், நாம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஸ்கெப்டிக்கல் மட்டும் நல்ல சொல். கிரேக்கத்தில் உற்றுப் பார்ப்பது, ஆராய்வது. 'காட்டு, பார்த்துவிட்டு நம்புகிறேன்' என்பவர். உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டா கொள்முதல் செய்கிறீர்கள்? மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிப்பூவை அள்ளிப் பார்க்கிறீர்கள். மொட்டு இறுக்கமா, நேற்றுப் பறித்த பூ கலந்திருக்கிறதா, எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறீர்கள். அதில் எந்த விவசாயியும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள்.

தமிழில் இதற்கு இத்தனை சொல் தேட வேண்டாம். வகுப்பில் எழுந்து நிற்கிற பையன் சந்தேகம் கேட்கிறான், அவனைத் தட்டிக்கொடுக்கிறோம். பெண்டாட்டியின் போனைத் திறந்து பார்க்கிறவன் சந்தேகப்படுகிறான், அவனை யாரும் தட்டிக்கொடுப்பதில்லை. நீங்கள் எதைச் செய்தீர்கள்? மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை.

பேரனிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் தேன்மிட்டாய் கொடுத்து. பெரிய விஷயம் இல்லை என்பதுபோல அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை எப்படி நின்று சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விரலில் பாகு ஒட்டியிருக்கும். சொன்னது போதுமா, இன்னும் சொல்ல வேண்டுமா என்று உங்கள் முகத்தையே பார்த்திருக்கும். அம்மா பேச்சுக்குக் கூலி உண்டு என்று நீங்கள் அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். நாளைக்கு உங்கள் பேச்சும் அடுப்படிக்குப் போகும், அதற்கும் ஒரு கூலி இருக்கும். பெரியவர்கள் கோபம் ஒரு தீபாவளியில் ஆறிவிடும். இந்த வேலை பழகிய பிள்ளையை மாற்றுவது லேசில்லை. உங்கள் வயதுக்கு இது தகுமா?

நம் ஊரில் கண்ணகி கதை தெரியாதவர் உண்டா? பாண்டியன் பொற்கொல்லன் ஒருவன் வாய்ச்சொல்லைக் கேட்டுக் கோவலனைக் கொல்லச் சொன்னான். சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அதனால்தான் அவள் 'தேரா மன்னா' என்றாள். தேரா என்றால் ஆராயாத.

சரி, சம்பள விஷயம். அவள் பிறந்த வீட்டுக்குப் பணம் அனுப்பினால்தான் என்ன? அவளை டீச்சராகும்வரை படிக்க வைத்தது நீங்கள் இல்லை, அந்த வீடு. உங்கள் மகன் உங்களுக்குச் செய்வது கடமை என்றால், அவள் தன் அம்மா அப்பாவுக்குச் செய்வதும் அதே கடமைதான். பெண் என்பதற்காக அந்தக் கடன் கழிந்துவிடாது. குடும்பச் செலவில் துண்டு விழுகிறதா? அப்படியானால் மகனையும் மருமகளையும் உட்காரவைத்துக் கணக்குப் பேசுங்கள், அது உங்கள் உரிமை. துண்டு விழவில்லை என்றால் அவள் பாஸ்புக்கில் உங்களுக்கு வேலை இல்லை.

வீட்டிலேயே ஒரு இங்கிலீஷ் டீச்சர் இருக்கும்போது ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையடைத்து வந்ததும் அவளைக் கூப்பிடுங்கள். 'தாயி, நீ என்னைப் பத்திச் சொன்னது என் காதுக்கு வந்துச்சு. பேரன்கிட்டக் கேட்டது என் தப்பு. உனக்கு என்கிட்ட என்ன மனக்குறை, நேரா சொல்லு' என்று கேளுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் பேரனுக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். அன்றைக்கு அவனிடம் எதையும் கேட்காதீர்கள்.