சிறுகோள், வால்வெள்ளிக் கட்டுரைகளுக்கு ஒரே மேற்கோள் வார்ப்புரு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

நம் கலைக்களஞ்சியத்தில் சிறுகோள், வால்வெள்ளிக் கட்டுரைகளுக்கு ஆளுக்கொரு விதமாக மேற்கோள் தருகிறோம். இனி எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்புருவை, அதாவது விவரங்களை நிரப்பினால் மேற்கோளைத் தானே அமைத்துத் தரும் படிவத்தை, பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்திருந்தேன். அதையொட்டிப் பயனர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

இணைய முகவரியை நேரடியாக ஒட்டினால் போதாதா?

போதாது. நம் கட்டுரைகளில் உள்ள சுற்றுப்பாதைத் தரவுகள் பெரும்பாலும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் சிறுபொருள் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதன் தேடல் பக்க முகவரி சில ஆண்டுகளுக்கு முன் மாறியது. ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே தரப்படும் உள் எண்ணும் மாறியது. 67 ஆசியா என்ற சிறுகோளுக்கு 2000067 என்றிருந்தது இப்போது 20000067. கட்டுரைக்குள் முகவரியை ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். வார்ப்புருவில் இருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பொருளின் குறியீடும் தரவைப் பார்த்த நாளும் கட்டுரையில் இருக்கட்டும். முகவரியை வார்ப்புரு பார்த்துக்கொள்ளும்.

குறியீடு என்கிறீர்கள். வெறும் எண்ணை இட்டால் என்ன குறை?

எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம் 2014இல் சென்றடைந்த வால்வெள்ளியின் குறியீடு 67பி. வால்வெள்ளி என்பதைக் காட்டும் அந்தப் ‘பி’ விடுபட்டு 67 என்று மட்டும் தேடினால் தரவுத்தளம் 67 ஆசியாவைக் காட்டும். மதராஸ் வானாய்வகத்தில் 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோள் அது. சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டதால் நம் மனத்துக்கு நெருக்கமான சிறுகோள்தான், ஆனால் ரொசெட்டாவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இணைப்பு முறிந்திருந்தால் யாராவது கவனித்துத் திருத்துவார்கள். இங்கே பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது, அட்டவணை நிறைய எண்கள் இருக்கின்றன, எல்லாமே வேறொரு பொருளுக்கு உரியவை. ஹாலி வால்வெள்ளிக்கும் இதே ஆபத்து உண்டு: 1பி என்பது ஹாலி, வெறும் 1 என்பது சிறுகோள் பட்டியலில் முதலாவதான சீரிசு. சந்திரசேகரின் பெயர் தாங்கிய 1958 சந்திரா என்ற சிறுகோளில், அதன் வரிசை எண்ணான 1958ஐ ஆண்டு என்று எண்ணி யாரேனும் நீக்கிவிடக்கூடும்.

ஆகவே வார்ப்புருவில் ‘வகை’ என்றொரு புலமும் வேண்டும். வகை வால்வெள்ளியாக இருந்து குறியீட்டில் எழுத்து இல்லையென்றால், கட்டுரை தானாகவே பராமரிப்புப் பகுப்பில், அதாவது திருத்த வேண்டிய கட்டுரைகளின் பட்டியலில், சேர்ந்துவிட வேண்டும். குறியீட்டை வார்ப்புருவுக்குள் ஆங்கில எழுத்திலேயே இடுங்கள். தமிழ் எழுத்தில் இட்டால் தரவுத்தளம் அதைத் தேடாது.

நிரந்தர எண் கிடைக்காத சிறுகோளுக்கு என்ன செய்வது?

தற்காலிகக் குறியீட்டை இடுங்கள். 2024 ஒய்ஆர்4 என்பதைப் பாருங்கள். ஒய் என்றால் டிசம்பர் மாதப் பிற்பாதி. ஆர் என்பது, ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால், பதினேழாம் எழுத்து. 4 என்பது 25 எழுத்துகள் கொண்ட சுற்று நான்கு முறை முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. ஆக, அந்த அரைமாதத்தில் குறியீடு பெற்ற 117ஆவது பொருள் இது. அச்சில் அந்த 4 கீழொட்டாக வரும். வார்ப்புருவில் சாதாரண எண்ணாகவே இருக்கட்டும். பின்னாளில் எண் கிடைத்தாலும் பழைய குறியீட்டைக் கொண்டு தேட முடியும் என்பதால் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை.

பார்த்த நாளைக் கட்டாயமாக்குவது புதியவர்களுக்குத் தொல்லை அல்லவா?

தொல்லைதான், ஆனாலும் தளர்த்தக் கூடாது. இதே ஒய்ஆர்4 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 விழுக்காடு என்று 2025 பிப்ரவரி 18 அன்று நாசா கணித்தது. ஒரு வாரத்துக்குள் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை என்றாகிவிட்டது. கூடுதல் அவதானிப்புகள் சேர்ந்ததே காரணம். நாள் குறிக்காமல் 3.1 என்று மட்டும் ஒரு கட்டுரையில் நின்றால் படிப்பவர் வீணாக அஞ்சுவார்.

சுற்றுப்பாதை எண்களுக்கு இன்னொரு நாளும் தேவை: அவை எந்த நாளுக்கானவை என்பது. வியாழன் போன்ற கோள்களின் ஈர்ப்பால் பாதை சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கிறது. தரவுத்தளம் அந்த நாளை யூலியன் நாளாக, அதாவது நாள்களை இடைவிடாமல் வரிசையாக எண்ணும் வானியல் முறையில், தரும்: 2460000.5 என்றால் 2023 பிப்ரவரி 25. ‘இரண்டு தளங்கள் முரண்படுகின்றன’ என்று பேச்சுப் பக்கத்தில் வாதம் எழும்போது முதலில் இந்த நாளை ஒப்பிடுங்கள்.

சிறுகோள் மையமா, ஜேபிஎல்லா? எதை மேற்கோள் காட்டுவது?

கண்டுபிடிப்பு, எண் ஆகியவற்றுக்குப் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் கீழ் இயங்கும் சிறுகோள் மையம். சுற்றுப்பாதைக்கு ஜேபிஎல். ஒரே அட்டவணையில் பாதி எண்ணை அங்கிருந்தும் மீதியை இங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

ஒரே பொருள் சிறுகோளாகவும் வால்வெள்ளியாகவும் பட்டியலில் இருந்தால்?

அப்படிச் சில உண்டு. 1977இல் கண்டுபிடிக்கப்பட்ட 2060 கைரன், 95பி என்ற வால்வெள்ளியும்கூட. 7968 எல்சுட்–பிசாரோவுக்கு 133பி என்ற குறியீடும் இருக்கிறது. ஒரு கட்டுரை, ஒரு மேற்கோள். இரண்டாம் குறியீட்டுக்குத் தனிப் புலம். இரண்டு கட்டுரைகள் ஏற்கெனவே இருந்தால் ஒன்றிணைத்து வழிமாற்று கொடுங்கள்.

பழைய கட்டுரைகளைத் தானியங்கி நிரல் கொண்டு மாற்றிவிடலாமா?

எண் பெற்ற சிறுகோள்களுக்குத் தாராளமாகச் செய்யலாம். வால்வெள்ளிகளைக் கையால்தான் மாற்ற வேண்டும். விடுபட்ட எழுத்து எது என்பது தானியங்கிக்குத் தெரியாது. கட்டுரையைப் படிப்பவருக்கே தெரியும்.