‘போதையில் இருந்தார்’ என்று எழுதும் மாணவர்கள்

வணக்கம். குற்றவியல் மாணவர்களிடம் போலீஸ் அறிக்கை எழுதச் சொன்னால் கதை எழுதித் தருகிறார்கள், எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தாங்களாக எடுத்த முடிவையும் கண்ணால் பார்த்ததையும் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்.

‘போதையில் இருந்தார்’ என்பது முடிவு. ‘இரவு 9.40. புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றார். மூச்சில் மதுவாடை. பேச்சு குழறியது. இருமுறை தூணைப் பிடித்துக்கொண்டார்.’ இதுதான் அறிக்கை. மாணவர்களை உணவங்காடிக்கு அனுப்பி, ஐந்து நிமிடம் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ‘கோபமாக’, ‘சந்தேகப்படும்படி’ எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடியுங்கள். முதல் வாரம் தாளே சிவந்துவிடும்!

வாக்குமூலத்துக்குத் தனி வகுப்பு வையுங்கள். சிங்கப்பூர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, எழுத்தில் பதிவான வாக்குமூலத்தை, கொடுத்தவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் புரியாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்திட வேண்டும். நம் ஆள் ஒருவர் ‘அடிச்சிட்டான் சார்’ என்கிறார். கையாலா, இரும்புக் கம்பியாலா? கையால் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு, ஆபத்தான ஆயுதத்தால் என்றால் 324ஆம் பிரிவு. கேட்காமல் எழுதினால் வழக்கே மாறிப்போகும். இரண்டு மாணவர்களை நடிக்கவிட்டு, மூன்றாமவரை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை நடித்தவரிடமே வாசித்துக் காட்டட்டும். ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்று அவர் சொல்லும் இடத்தில்தான் பாடம் ஏறும்.

அறிக்கைக்கான வார்ப்புருவை, அதாவது மாதிரிப் படிவத்தை, மூன்றாம் வாரம் கொடுத்தால் போதும். முன்னாடியே கொடுத்தால் கட்டங்களை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.